மூன்று பேர் நிற்கும் படம்

“இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. சித்தி, உள்ள வாங்க. பாதி உடம்பு மண்டபத்துக்கு வெளிய நிக்கு” என்று நான் கத்துவதும், சங்கரவடிவு சித்தி சிரித்துக்கொண்டே இன்னும் வெளியே நகர்வதும், அவள் நகர்ந்த இடத்தில் யாரோ ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துவதும், அது மாப்பிள்ளை மாலையிலிருந்து ரோஜா இதழைப் பிய்த்துத் தின்பதும், இப்படியே போனால் சொந்தக்காரர்களை எடுத்து முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும். ஆறட்டும். எனக்கு அவசரமே இல்லை. இந்தக் கூட்டம் மேடையை விட்டு இறங்காமலே இருந்தால் நல்லது என்றுகூட இருக்கிறது. இறங்கிவிட்டால் அந்த ஒரு படத்தை எடுத்தாக வேண்டும். மணப்பெண் குழலி என் அக்கா ஆவுடையின் மகள், ஒரே மகள். நான் தாய்மாமன். மாமன் செய்ய வேண்டியதெல்லாம் செய்து, தாலி கட்டி முடியும் வரை கேமராவை நண்பன் ஜெபமணியிடம் கொடுத்துவைத்திருந்து, கெட்டிமேளம் ஓய்ந்ததும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். கையில் பூசின சந்தனம் காய்ந்து வெடித்து லென்ஸ் வளையத்தில் உதிர்கிறது. “தாய்மாமனே போட்டோ பிடிக்கிற கல்யாணத்த இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று ஒருவர் சொன்னார். சொல்லட்டும். தென்காசியைச் சுற்றி இத்தனை வருடமாக ஊரார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவன், சொந்த மருமகள் கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா? அதுவும் குழலி வாய்விட்டுக் கேட்டிருக்கும்போது. நேற்று சாயங்காலம் மருதாணிக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். “மாமா, எங்கம்மா கூட எனக்கு ஒரு போட்டோ வேணும். எப்படியாவது நிக்க வச்சிரு. எனக்கு நீ வேற எதுவும் செய்யாண்டாம்.” வெள்ளிக்கிழமை அவளும் முகுந்தனும் சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். இனி எப்போது வருவார்களோ. என் அக்காவைக் கேமரா முன்னால் நிறுத்துவது என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் குழலிக்கும் எனக்கும்தான் தெரியும்.

சித்தி ஒருவழியாக உள்ளே வந்தாள். கண்ணை வியூஃபைண்டரில் வைத்தேன். வைத்ததும் மண்டபத்து இரைச்சல் ஒரு சுவர் தள்ளிப் போய்விடும், எனக்கு எப்போதும் அப்படித்தான். பந்திக்குக் கூப்பிடுகிற குரல், நாற்காலி இழுபடுகிற சத்தம், காணாமல் போன செருப்புக்காக யாரோ போடுகிற சண்டை எல்லாம் இருக்கும், ஆனால் எனக்கு அதில் சம்பந்தம் இருக்காது. சின்னச் சட்டத்துக்குள் முகங்கள் மட்டும். அதில் முதலில் தெரிந்தது எங்கள் தாத்தாவின் மூக்கு. நுனியில் லேசாகப் பிளந்த மாதிரி இருக்கும் மூக்கு. தாத்தாவை நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், அவரை யாரும் படம் எடுத்துவைக்கவும் இல்லை. ஆனால் இந்த மூக்கைக் காட்டி “இது எங்கப்பா மூக்கு” என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லுவாள். அது இதோ சித்தியிடம் நிற்கிறது, சித்தி மகனிடம் நிற்கிறது, பின்வரிசையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து யாரோடும் பேசாமல் நிற்கிற ஒருத்தியிடம் நிற்கிறது, குனிந்து குழந்தையின் கையிலிருந்து ரோஜாவைப் பிடுங்குகிற குழலியிடமும் நிற்கிறது. அந்தக் குழந்தைக்கு என் அப்பாவின் காது. மேல்மடல் உள்ளுக்குள் மடங்கின காது, அப்பா அதில் பென்சில் செருகினால் நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். ஆள் எரிந்து சாம்பலாகி ஆற்றோடு போயாயிற்று, காது மட்டும் எந்த வழியாக வந்து இந்தக் குழந்தையின் தலையில் ஒட்டிக்கொண்டது? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஏறினபோதும் இதே கதைதான். அவர்கள் வீட்டுக்கென்று ஒரு முகவாய் இருக்கிறது, நடுவில் குழி விழுந்த முகவாய், அது முகுந்தனிடமும் அவன் அம்மாவிடமும் ஒரே அச்சாக இருந்தது. இந்த முகவாயும் எங்கள் மூக்கும் இன்றைக்குக் காலையில்தான் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இனிமேல் பிறக்கப்போகிற ஒரு பிள்ளையின் முகம் இப்போதே இந்த மேடையில் துண்டு துண்டாக நின்றுகொண்டிருக்கிறது, தன் பங்கைக் கொண்டுவந்திருப்பது தெரியாமல் ஒவ்வொருத்தரும் தலையைச் சரிசெய்துகொள்கிறார்கள். இத்தனை வருடம் நான் எதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்? செயினை வெளியே எடுத்துப் போடுங்க, உயரமானவங்க பின்னால போங்க, இதையே கத்திக் கத்தி, கண் முன்னால் நடந்ததைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன்.

“பரமு, எடுக்கியா இல்லையா? கால் கடுக்குது” என்றார் பெரியப்பா. கூட்டமாக எடுக்கும்போது யாராவது ஒருவர் கண்ணை மூடித் தொலைப்பார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். எல்லாரையும் முதலில் கண்ணை மூடச் சொல்லிவிடுவேன், திறங்க என்றதும் ஒன்றாகத் திறப்பார்கள், திறந்த சூட்டில் அமுக்கிவிடுவேன். “எல்லாரும் கண்ண மூடுங்க” என்றேன். மூடினார்கள். வேறு கல்யாணமாக இருந்தால் அந்த நேரத்தில் ஃபிளாஷைத் திருகிக்கொண்டிருப்பேன், மூடின முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? இன்றைக்குப் பார்த்தேன். பெரியப்பா, சித்தி, கோயம்புத்தூர்க்காரி, நடுவில் மாலையும் சந்தனப் பொட்டுமாகக் கண்மூடி நிற்கிற என் மருமகள். மாலை, பொட்டு, மூடின கண். சீ, என்ன புத்தி இது, நல்ல நாளில். ஆனால் வந்த நினைப்பு வந்ததுதான், போ என்றால் போகவில்லை. ஒரு நாள் இவர்கள் எல்லாரும் இப்படித்தான், நானும்தான், அன்றைக்கு இந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இது யார் இது யார் என்று கேட்கும், பாதிப் பேருக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது. “திறங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் சித்தி திடுக்கிட்டாள். அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் திறந்தன. கோயிலில் புதுச் சிலைக்குக் கண் திறக்கிற அன்றைக்கு அதன் முதல் பார்வை மனுஷன் மேல் விழக்கூடாது என்று எதிரில் கண்ணாடியைக் காட்டுவார்கள். இங்கே எனக்கு முன்னால் கண்ணாடி எதுவும் இல்லை, முழுப் பார்வையும் என் மேல் விழுந்தது, கேமராவுக்குப் பின்னால் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அமுக்கினேன். எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. “சாப்பிடப் போகலாமா?” என்றார் பெரியப்பா.

அக்கா மேடைக்கு வலதுபக்கத்துத் தூணை விட்டு நகரவில்லை. காலையிலிருந்து அங்கேதான். தாலி கட்டும்போது மேடையில் அத்தானின் தம்பியும் அவர் மனைவியும் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அக்கா ஏறக்கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, ஏறு என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை, எங்கள் ஊரில் இப்படித்தான் காரியம் நடக்கும். நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே நான் அடங்கியிருப்பேன். அது வேறு விஷயம், அதைக்கூட விட்டுவிடலாம். போட்டோ என்றால் அக்கா யார் வீட்டுக் கல்யாணத்திலும் நிற்க மாட்டாள். கேமராவைத் தூக்கினால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்கும், குழாயில் தண்ணீர் வரும், யாராவது கூப்பிடுவார்கள். வேலை பார்க்கிற ஊரிலிருந்து குழலி வீடியோவில் கூப்பிட்டால் போனை உத்தரத்தைப் பார்க்க வைத்துவிட்டுப் பேசுவாள், மகள் மணிக்கணக்காக அக்கா வீட்டு மின்விசிறியோடு பேசியிருக்கிறாள். ஆதார் அட்டையில் மட்டும் அக்காவின் முகம் இருக்கிறது, அதிலும் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் அந்த ஒரு படத்துக்கு அப்புறம். எனக்கு அப்போது புதுக் கேமரா, பிலிம் ரோல் போடுகிற கேமரா, இலஞ்சியில் அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ரோலில் கடைசி ஒரு படம் மிச்சம் இருந்தது. “நில்லுங்க” என்றேன். குற்றாலலிங்கம் அத்தான் பனியன் மேல் அவசரமாகச் சட்டையை மாட்டினார், பித்தான் ஒன்று மாறிப் போய்விட்டது, அதைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், நடுவில் அஞ்சு வயதுக் குழலி. அத்தானின் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “ஏல பரமு, மூணு பேரா நிக்க வச்சுப் படம் எடுக்காதல. ஒருத்தருக்கு ஆகாது. நாலாவதா அந்தப் பூனையையாவது தூக்கி வையில.” பூனை அகப்படவில்லை. நான் சிரித்தேன். எடுத்தேன். மூன்றாம் மாதம் அத்தான் மஞ்சள்காமாலையில் போய்விட்டார்.

நான் என்ன தப்பு செய்தேன்? ஒரு தப்பும் செய்யவில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அந்த வருடம் குடிதண்ணீர் கெட்டு எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் காமாலையில் விழுந்தார்கள், அவர்களையெல்லாம் மூன்று பேராக நிறுத்திப் படம் எடுத்தது யார்? கண்டதையும் குடிக்க வைத்துவிட்டுக் கேமரா மேல் பழி போடுவது. சாவு வீட்டில் அத்தானின் அம்மா துட்டிக்கு வந்த எல்லார் முன்னாலும் “வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே” என்று அழுதபோது எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பேன், பெற்றவள் என்று பேசாமல் இருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவளாவது “அப்படியெல்லாம் இல்ல அத்தை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மூடின வாய்தான், அன்றைக்கு ஒளித்த முகம்தான். அவள் தினம் என் கடைக்கு வருவாள், என் பிள்ளைகளுக்கு அதிரசம் சுட்டுக் கொடுப்பாள், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள், எல்லாம் செய்வாள், என் கேமராவை மட்டும் பார்க்க மாட்டாள். அப்படியென்றால் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஊர் உலகத்தில் யார் என்னைச் சொன்னாலும் துடைத்துப் போட்டுவிடுவேன், அக்கா நினைக்கிறாளே என்பதைத்தான் எங்கே கொண்டு போய்ப் போடுவது என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதனால் இந்தத் தடவை உஷாராக ஒரு ஏற்பாடு செய்துவைத்தேன். எங்கள் தொழிலில் மூன்று என்பது தினம் வருகிற தலைவலி. பெண், மாப்பிள்ளை, கூட ஒரு மாமா என்று ஏறினால் கீழேயிருந்து நாலு பேர் கத்துவார்கள், உடனே போகிற வருகிற குழந்தை ஒன்றைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவேன். அது யார் வீட்டுக் குழந்தை என்றே தெரியாமல் எத்தனையோ ஆல்பத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கைக்காரர்களின் பயத்துக்கு நான் மரியாதை கொடுப்பவன். அக்காவும் குழலியும் முகுந்தனும் நின்றால் மூன்று. அதற்கே அக்கா இறங்கி ஓடிவிடுவாள். ஆகவே முகுந்தனின் அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவைத்தேன், அக்கா ஏறும்போது நீங்களும் ஏறிவிடுங்கள், சம்பந்திகள் இரண்டு பேரும் என்று. நல்ல மனுஷி, தலையாட்டினாள். கணக்குச் சரி. நாலு பேர். அக்காவுக்குச் சாக்குச் சொல்ல இடம் இருக்காது. இவ்வளவும் அக்காவுக்காகத்தான். எனக்கு என்ன, எனக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது. அப்படியிருக்க ஜெபமணி காலையில் முகுந்தனையும் குழலியையும் ஐயரோடு சேர்த்து எடுத்தபோது நான் ஏன் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன்? தாய்மாமன் என்ற உரிமையில்தான். வேறென்ன. சந்தனம் வியர்வையில் கரைந்து முழங்கையில் வழிகிறது. மாப்பிள்ளையின் அலுவலகத்து நண்பர்கள் ஏறினார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கோணங்கித்தனம் பண்ணினார்கள், அவர்களிடமும் ஒரு மூக்கு, ஒரு காது, யார் யாருடையதோ, எந்த ஊரிலிருந்து கிளம்பினதோ, ஒவ்வொன்றும் சாகாமல் தப்பித்து இந்த மேடை வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் அந்தக் கோணங்கிகளைக்கூடக் கோபிக்க முடியவில்லை. அவர்களும் இறங்கினார்கள். மேடையில் குழலியும் முகுந்தனும் மட்டும். நாற்காலிகள் பாதி காலி. முதல் பந்திக்கு எல்லாரும் போய்விட்டார்கள், யாரோ அன்பாகக் கையைப் பிடித்து இழுத்ததில் முகுந்தனின் அம்மாவும் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா தூணை விட்டு வருகிறாள். சாப்பிடக் கூப்பிடத்தான் வருகிறாள், கையில் குழலிக்கு ஒரு தம்ளர் மோர். “பசியோட எவ்வளவு நேரம்தான் நிப்பா. போதும்ல, அவள விடு” என்று என்னைத் திட்டிக்கொண்டே படியேறினாள். குழலி மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரை முகுந்தன் கையில் கொடுத்தாள், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. “அம்மா, ஒண்ணே ஒண்ணு” என்றாள். முகுந்தன் நல்ல பையன், தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அக்காவின் மறுபக்கம் வந்து நின்றான். அக்கா இப்போது உதறிக்கொண்டு இறங்குவாள் என்று பார்த்தேன். இறங்கவில்லை. முந்தானையை எடுத்து இழுத்துவிட்டாள். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தானின் அக்கா செண்பகம் எழுந்துவிட்டாள். “ஏ பரமு, மூணு பேரா நிக்காவ பாரு. பச்சப் பிள்ளைங்க. இரு, நான் வாரேன்.” எனக்கு உயிர் வந்தது. “வாங்கக்கா, வாங்க, சீக்கிரம்” என்றேன். அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். “மைனி, நீங்க இருங்க. ஒங்க கூட அப்புறமா நிக்கேன். இது நாங்க மூணு பேரும் நிக்கட்டும்.”

செண்பகம் வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்தாள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன், முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி அக்காவிடம் குனிந்து, “அக்கா, அவங்களையும் கூப்பிட்டுக்கிடுவோம். மூணு பேரு வேண்டாம்” என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இத நீயா சொல்லுத? அன்னைக்கு எங்க மாமியா கெடந்து கத்துதாவ, பல்லக் காட்டிச் சிரிச்ச பெரிய மனுஷன்தானல நீ?” எனக்கு முகம் சுண்டிவிட்டது. “நீதானக்கா அதுக்கப்புறம் போட்டோவுக்கே நிக்கல. என்னாலதான்னு நெனச்சுத்தான?” கேட்டுவிட்டேன். இத்தனை வருடம் கேட்காததை, இரண்டு மாலைக்கு நடுவில், மோர்த் தம்ளரோடு நிற்கிற மாப்பிள்ளை முன்னால் கேட்டுவிட்டேன். “கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்றாள் அக்கா. “ஒன் போட்டோவுக்கும் காமாலைக்கும் என்னல சம்பந்தம்? அந்தப் படத்துல நான் ஒங்க அத்தான் பக்கத்துல நிக்கேன். அப்புறம் ஒண்ணு எடுத்தா அதுல அவ்வொ இல்லாம நிப்பேன். அது எனக்கு வேண்டாம்னு இருந்துட்டேன். அவ்வளவுதான். அதுக்கு ஒன்னய எதுக்குல நெனைக்கப்போறேன்?” எதையாவது செய்ய வேண்டுமே என்று குழலியின் மாலையைத் தூக்கி, “கழுத்த நேரா வை பிள்ள” என்றேன். மாலை ஏறினதிலிருந்து அவள் கழுத்தை இடதுபக்கம் சாய்த்துக்கொண்டே நிற்கிறாள், ஒவ்வொரு படத்துக்கும் நேரா வை நேரா வை என்று நானும் தொண்டை கிழியக் கத்தியாயிற்று. அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். “அத விடுல. எங்க கல்யாணத்தன்னைக்கு மாலை குத்துது குத்துதுன்னு அவ்வொ நாள் பூரா இப்படித்தான் கழுத்தச் சாச்சுக்கிட்டு நின்னாவ. இவ அத எங்க பாத்தா? இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? காலையில அந்தத் தூணுப் பக்கத்துல நின்னு பாக்கேன், எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவ்வொ இல்லாத படம்னு இனி எப்படிச் சொல்ல? போ, போய் எடு.”

இறங்கி வந்தேன். மூக்கைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், முகவாயைப் பார்த்தேன், பெரிய பார்வை பார்த்ததாகப் புல்லரித்துக்கொண்டேன், அத்தான் காலையிலிருந்து எதிரில் நின்றதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் அவரைப் பிடித்து நேராக்கி அனுப்பியிருக்கிறேன். கண்ணை வைத்தேன். மூன்று பேர். சட்டத்தில் மூன்றே பேர். இடம் தாராளமாக இருந்தது. விரல் பித்தானின் மேல் இருக்கிறது, அழுந்த மாட்டேன் என்கிறது. எனக்கு நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. அக்காவே சொல்லிவிட்டாள் சம்பந்தம் இல்லை என்று, அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைத்தானே இத்தனை வருடம் எதிர்பார்த்தேன், வந்துவிட்டது, அப்புறம் என்ன? அப்புறம் இதுதான். இவ்வளவு நாளும் பயப்படுகிற வேலையை அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்று நான் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன் போலிருக்கிறது. அவளிடம் அது இல்லை என்றதும் மொத்தமும் என் தலையில் வந்து இறங்கிவிட்டது. மூன்று பேரில் யார்? வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிற இரண்டு பேரா? இவளா? “ஏல, இன்னும் என்னத்தப் பாக்க?” என்றாள் அக்கா. கேமராவை அவள் நேராகப் பார்த்தாள். சாக்குச் சொல்லாமல், முந்தானையால் மறைக்காமல், நேராக லென்ஸுக்குள் பார்த்தாள். நாள் தவறாமல் பார்க்கிற முகம்தான், ஆனால் நாள் தவறாமல் பார்த்ததனால் ஒரு தடவைகூடப் பார்க்காத முகம். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே சுருங்கி, நெற்றியோரம் நரைத்து, எப்போது இவள் இப்படி ஆனாள், ஆகும்போது நான் எங்கே இருந்தேன்? இப்படி ஒரு அழகை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. பயம் போகவில்லை. பயத்தோடேயே அமுக்கினேன்.

செண்பகம் கீழே “முருகா” என்றாள். ஒன்றும் ஆகவில்லை. முகுந்தன் தம்ளரைக் கீழே வைத்தான். குழலி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, கழுத்து சாய்ந்தேதான் இருக்கிறது, இனி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. “எங்க, காட்டு” என்று அக்கா மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையைக் கையால் மறைத்து நிழல் பண்ணிக் காட்டினேன். கண்ணாடி போடாத கண்ணால் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் விரலால் நடுவில் நிற்கிறவளைத் தொட்டாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“இது நம்ம அம்மைல்லா?” என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். எங்கள் அம்மாதான். சேலையைத் தவிர ஒரு வித்தியாசம் இல்லை. அக்கா இரண்டு உள்ளங்கையாலும் தன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள், கீழே கிடந்த ஒரு சாமானை எடுத்துப் பார்க்கிற மாதிரி. பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியேறிப் போய் மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“இன்னொண்ணு எடுல” என்றாள். “இதுல நான் சிரிக்கல.”